மணல் மூடிய சிங்கப்பூரும் ஒரு மரத்தொழிலாளியின் வம்சமும்

முதல்லயே சொல்லிடறேன், இது நம்ம சிராங்கூன் ரோடு சிங்கப்பூர் இல்லீங்க :-) அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ ஆறு ஏரியில் கலக்கிற இடத்தில் இதே பெயரில் ஓர் ஊர் இருந்தது. 1830-களில் உருவான ஊர். மர அறுவை மில், ஹோட்டல், சொந்தமா நோட்டு அடிச்ச ஒரு பேங்க் என்று ஜோராத்தான் இருந்திருக்கு. இன்றைக்கு அங்கே வெறும் மணல்மேடு.

என்கூட வேலை பார்க்கிற அமெரிக்கர் ஒருத்தரோட எள்ளுத்தாத்தா அந்த ஊர் மில்லில் வேலை பார்த்தவர். "ஊரே இல்லை, குடும்பத்தை எங்கே போய்த் தேடறது?"ன்னு அலுத்துக்கிட்டார். அவரோட சேர்ந்து பழைய மக்கள்தொகைக் கணக்கு ஏடுகளை நோண்டினதில் எனக்குத் தோணினது இதுதான்: மரவேலைக்காரன் குடும்பத்தை ஊரை வச்சுத் தேடக்கூடாது. மரம் போன வழியிலே போகணும்.

ஏன்னு கேட்டா, அந்த ஊர் செத்த கதையைப் பாருங்க. 1871 அக்டோபர் 8-ம் தேதி சிகாகோ பத்திக்கிச்சு. அதே நாள் விஸ்கான்சினில் பெஷ்டிகோ, மிச்சிகனில் ஹாலண்ட் எல்லாமே தீக்கிரை. எரிந்த ஊர்களைத் திரும்பக் கட்ட எக்கச்சக்கமா பலகை வேணுமே? சுற்றுவட்டார பைன் மரத்தையெல்லாம் வெட்டித் தீர்த்தாங்க. வெட்ட மரம் இல்லாமப் போனதும், 1875 வாக்கில் கடைசி மில்லையே வடக்கே செயின்ட் இக்னஸுக்குக் கொண்டு போயிட்டாங்க. தடுக்க மரம் இல்லாததால் காற்று மணலை அள்ளிக் கொட்ட, கொஞ்சம் கொஞ்சமா ஊர் புதைஞ்சது. ஆக, மணல் வந்து மூடறதுக்கு முன்னாடியே ஜனங்க மூட்டையைக் கட்டியாச்சு.

இங்கே இன்னொரு சிக்கல். கணக்கு ஏட்டில் 'சிங்கப்பூர்'னு தேடினா ஆள் சிக்கறது கஷ்டம். டவுன்ஷிப் வாரியாத்தான் எழுதுவாங்க. நாங்க பார்க்க வேண்டியிருந்தது 1870 ஏட்டில் அலிகன் கவுண்டி, சாகடக் டவுன்ஷிப். அதிலும் யார் யாருக்கு என்ன உறவுன்னு இருக்காது. பெயர், வயசு, தொழில், பிறந்த இடம் இவ்வளவுதான். கூட இருக்கிறது மனைவியா தங்கச்சியான்னு நாமதான் யூகிக்கணும். உறவுமுறையை எழுத ஆரம்பிச்சதே 1880-ல்தான்.

அதே 1880-ல் செயின்ட் இக்னஸில் அந்தக் குடும்பம் கிடைச்சது. பெயரின் எழுத்து மாறியிருந்தது. எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் போல. ஆனா மனைவி பெயர், பிள்ளைகளோட வயசு வரிசை, பிறந்த இடங்கள் எல்லாம் பொருந்துச்சு. ஒரு ஆளோட பெயர் பல பேருக்கு இருக்கும். மொத்தக் குடும்பத்தோட வரிசை கிட்டத்தட்ட கைரேகை மாதிரி.

அதுக்கப்புறம் பள்ளம். 1890 கணக்கு ஏடுகள் 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் நாசமாயிடுச்சு. சுமார் 6 கோடியே 30 லட்சம் பேரில் 6 ஆயிரத்துச் சொச்சம் பெயர்தான் மிச்சம். அடுத்த ஏடு 1900. இருபது வருஷத்தில் பொண்ணுங்க கல்யாணமாகிப் பெயர் மாறியிருக்கும், பசங்க வேற காட்டுக்கு வேலைக்குப் போயிருப்பாங்க. 1884, 1894-ல் மிச்சிகன் மாநிலமே எடுத்த கணக்கு உண்டு. அதுவும் சில கவுண்டிகளுக்குத்தான் மிஞ்சியிருக்கு. இறப்புப் பதிவு 1867-லேயே ஆரம்பிச்சிருந்தாலும் நம்ம ஆள் அதில் சிக்கலை.

நான் சொல்ல வந்த விஷயமே இங்கேதான். இணையத்தில் ரெடிமேட் வம்சவிருட்சம் கிடைக்குது. அதே பெயரில் சாகினாவில் ஒருத்தர், நிலம் நீச்சு, முறுக்கு மீசை போட்டோவோட. ஒரு சொடுக்கில் ஒட்டிக்கலாம். ஏற்கனவே பல பேர் ஒட்டியும் வச்சிருக்காங்க. அந்த ஆளுக்கு மனைவியும் வேற, பிள்ளைகளும் வேற! நண்பருக்கோ மீசைக்காரரை விட மனசே இல்லை :-)

விடணும்னுதான் நான் சொல்றேன். சொத்து உள்ளவனுக்குப் பத்திரம் இருக்கு, உயில் இருக்கு, படம் இருக்கு. மில் கூலிக்கு இருக்கிறது கணக்கு ஏட்டில் ரெண்டு வரி. அந்த ரெண்டு வரி மேல இன்னொருத்தன் வாழ்க்கையைத் தூக்கி வச்சா, அவன் இருந்ததுக்கான ஒரே சாட்சியும் போச்சு. அப்புறம் அந்தத் தப்பை நூறு பேர் நகலெடுப்பாங்க. நூறு பேர் சொன்னா அதுவே சரித்திரம்.

அதனால 1880-க்கு அப்புறம் உள்ள கட்டம் காலியா இருந்தா காலியாவே இருக்கட்டும். பிற்பாடு எவனாவது ஒருத்தன் ஒரு கல்யாணப் பதிவைக் கையில் வச்சுக்கிட்டு வருவான். அவன் எழுத இடம் வேணும் இல்லையா?