இசைப் பாடவேளை யாருடைய சொத்து?

இப்பதிவு சிலருக்குக் கசக்கக்கூடும். கசந்தாலும் முழுமையாகப் படித்துவிடுங்கள்.

சென்னையில் அனில் சீனிவாசன் என்றொரு பியானோ கலைஞர் இருக்கிறார். மேனாட்டுச் செவ்விசையில் முறையாகத் தேர்ந்தவர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பாடகர் சிக்கில் குருசரணுடன் இணைந்து, கருநாடக இசைப் பாடல்களைப் பியானோவோடு மேடையேற்றிப் பெயர் பெற்றவர். அந்தப் புகழோடு அவர் நின்றுவிடவில்லை. 'ராப்சடி' என்னும் அமைப்பை உருவாக்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு இசையையும், இசைவழியாகப் பிற பாடங்களையும் கற்பிக்கும் பணியில் இறங்கினார்.

இவரைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசினால் எனக்குக் கிடைக்கும் மறுமொழி ஒன்றே ஒன்றுதான். "அதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஐயா. நம் தோட்டத்துப் பிள்ளைக்குப் பியானோ எதற்கு?"

கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நம் தமிழ்ப்பள்ளிகளில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பண்ணைப்புரம் என்ன பட்டணமா? அந்தச் சிற்றூரிலிருந்து 1968இல் சென்னைக்கு வந்த இளைஞர், தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆசிரியரிடம் மேனாட்டு இசையை அடியிலிருந்து கற்றார். 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. இளையராஜாவின் பெயர் நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். தன்ராஜ் மாஸ்டரின் பெயர் எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்?

நமக்குப் பரிசுதான் தெரிகிறது, பயிற்சி தெரிவதில்லை. 2019இல் லிடியன் நாதஸ்வரம் என்ற 13 வயதுச் சிறுவன் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்துப் பத்து இலட்சம் டாலர் வென்றான். அந்தக் காணொளியைப் புலனக் குழுக்களில் பரப்பி மார்தட்டிக்கொண்டோம். "தமிழன்டா" என்றோம். மறுநாள் காலை இசைப் பாடவேளையில் கணிதப் பயிற்சித் தாளைக் கொடுத்தோம்.

2011இல் கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டம் வந்தபோதே இசைக்கு அட்டவணையில் இடம் உண்டு. கிழமைக்கு ஒரு சிறு பாடவேளைதான். அதையும் விட்டுவைக்க மனம் வருவதில்லை. முன்பு யூ.பி.எஸ்.ஆரைக் காரணம் காட்டினார்கள். 2021இல் அத்தேர்வையே அரசாங்கம் நீக்கிவிட்டது. இப்போது என்ன காரணம்? எழுத்துத் தேர்வில் வராத பாடம், ஆகவே யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் உண்மையான காரணம்.

"பியானோ நம்முடைய இசையன்று" என்று வாதிடும் தமிழ்ப்பற்றாளர்களும் உண்டு. வயலின் யாருடையது? மேற்கிலிருந்து வந்ததை 19ஆம் நூற்றாண்டில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் நம் இசைக்குள் கொண்டுவந்தனர். ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கியே வைத்திருந்தது. இன்று ஆர்மோனியம் இல்லாமல் நம் தோட்டத்துக் கோயிலில் பஜனை நடக்குமா? பியானோவில் ஒரு சிக்கல் உண்டு என்பது மெய்தான். அதன் 88 கட்டைகளும் நிலையான சுரங்களை மட்டுமே தரும். இரு சுரங்களுக்கு இடையே குழைந்து செல்லும் கமகத்தை அதில் கொண்டுவர இயலாது. சீனிவாசனும் குருசரணும் இணையும்போது கமகம் பாடகரின் குரலில் நிற்கிறது. பியானோ அதனைச் சூழ்ந்து ஒலிக்கிறது. தடை இருக்கும் இடத்தில் சிந்தித்திருக்கிறார்கள். நாமோ தடையைச் சொல்லிக் கதவைச் சாத்துகிறோம்.

"இதனால் பிழைக்க முடியுமா?" என்பது பெற்றோரின் கேள்வி. நியாயமான கேள்வி. மேடைக் கச்சேரியை மட்டும் நம்பி வாழ்ந்த பியானோ கலைஞர்கள் உலகெங்கும் குறைவே. சோப்பின் பாரிசில் வாழ்ந்த காலத்தில் பெரும்பாலும் பியானோ கற்பித்தே வருவாய் ஈட்டினார். பேத்தோவன் செர்னிக்குக் கற்பித்தார். செர்னி லிஸ்டுக்குக் கற்பித்தார். கற்பிப்பது அங்கே இரண்டாந்தர வேலையாக இருந்ததில்லை. இங்கும் பியானோ ஆசிரியர்கள் மாணவர்களைப் பன்னாட்டுத் தரநிலைத் தேர்வுகளுக்கு அணியப்படுத்தித்தான் வாழ்கிறார்கள். அந்தத் தொழிலில் நம் பிள்ளைகள் ஏன் அருகியிருக்கிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா?

பியானோ வாங்கச் சொல்லவில்லை. பெரிய பியானோ ஒன்றின் விலைக்கு மகிழுந்தே வாங்கிவிடலாம் என்பது எனக்கும் தெரியும். சில நூறு ரிங்கிட்டுக்கு மின்விசைப்பலகை கிடைக்கிறது. அதுவும் வேண்டாம், சில ரிங்கிட்டுக்கு விற்கும் ரெக்கார்டர் குழலையாவது பிள்ளையின் கையில் கொடுத்து, சுரக்குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். குறிப்பைப் படிக்கத் தெரிந்த பிள்ளை பின்னாளில் எந்தக் கருவிக்கும் போகலாம். விளையாட்டு நாளுக்கு வாடகைக் கூடாரம் போடும் பணத்தில் ஒரு வகுப்புக்கே குழல் வாங்கலாமே!

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிற்றுண்டிச்சாலைக் கணக்கைக் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: இவ்வாண்டு என் பிள்ளைக்கு எத்தனை இசைப் பாடவேளைகள் நடந்தன? யார் நடத்தினார்? என்ன கற்பித்தார்? எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். "நேரம் போதவில்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள். அட்டவணையில் அந்த நேரம் ஏற்கெனவே இருக்கிறது.

என்னோடு உடன்படாத ஆசிரியர்கள் தாராளமாக மறுத்து எழுதலாம். ஒரு சொல்லும் வெட்டாமல் வெளியிடுவேன்.