பெய்யாத மழைக்கும் சேர்த்துத்தான் எச்சரிக்கை

2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்கு ‘ரெட் அலர்ட்’. அதற்கு முன்பே, வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. பள்ளிகளுக்கு விடுமுறை. ஆனால் தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்து, 17-ஆம் தேதி அதிகாலை சென்னைக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தது. பயந்த அளவுக்கு நகரில் மழை இல்லை. மீம்ஸ் மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

சொன்ன மழை பெய்யாவிட்டால் எச்சரிக்கை பொய் என்பது படித்தவர்களிடமும் ஊறிப்போன நம்பிக்கை. எச்சரிக்கையை ஜோசியமாக எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது. வானிலை ஆய்வு மையத்தின் நிறங்கள், எவ்வளவு தயாராக வேண்டும் என்பதைச் சொல்பவை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் வாய்ப்பு இருந்தாலே சிவப்பு வரலாம். மணலியில் கொட்டி, வேளச்சேரியில் தூறினால் அது பொய்யாகிவிடாது.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகின்றன. ஐந்தைவிட ஏழு பயங்கரம் என்று ஊரே பதறுகிறது. உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயத்தைக் குறிப்பவை. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது அதன்மீதே கடக்குமா என்பதில்தான் வேறுபாடு. கடைசி எண்ணான 11, எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

கேலி செய்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்கட்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. எச்சரிக்கை போதவில்லை, தாமதமாக வந்தது என்று மாநில அரசுத் தரப்பு குறை சொன்னது. மத்திய அரசுத் தரப்பு மறுத்தது. குறைத்துச் சொன்னால் கோபம், கூட்டிச் சொன்னால் கிண்டல் என்றால் அதிகாரி எதைத்தான் சொல்வார்?

ஒடிசா இந்தக் கேள்வியைத் தாண்டி வந்துவிட்டது. 1999 சூப்பர் புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் பைலின் புயலுக்கு முன் சுமார் 10 லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள்; பலி சில பத்துகளோடு நின்றது. அப்படி அழைத்துச் செல்லப்பட்டவர்களில் எத்தனையோ பேரின் வீடுகள் தப்பியிருக்கும். அதற்காக அந்த ஏற்பாட்டை யாரும் வீண் என்று சொல்லவில்லை.

நியாயமான புகார் ஒன்று உண்டு. பலிக்காத எச்சரிக்கையின் செலவு மாதச் சம்பளக்காரரைத் தொடுவதில்லை. கடலுக்குப் போகாதே என்றால் காசிமேட்டு மீனவருக்கு அன்றைய பாடு போச்சு. சித்தாளுக்குக் கூலி இல்லை. அவர்கள் அடுத்த எச்சரிக்கையை மீறினால் அது அறியாமையும் அல்ல, அசட்டுத் துணிச்சலும் அல்ல, அடுப்பெரிய வேண்டிய கட்டாயம். மீம்ஸ் போடும் நேரத்தில், எச்சரிக்கை நாட்களுக்கு இவர்களுக்கு இழப்பீடு கேட்டு அரசை நெருக்கலாம். மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறம் பூசாமல் வட்டம் வாரியாக எச்சரிக்கை தரும்படி வானிலை மையத்தையும் நெருக்கலாம்.