குருதி பிறக்கும் இடமும் நம் கடமையும்

குருதிக் கொடை என்றால் என்னவென்று அறியாதவர் இன்று நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அரியர். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றால் நம் மாணவர்கள் தயங்காமல் கை நீட்டுகிறார்கள். ஆனால் அந்தக் குருதி உடலில் எங்கே பிறக்கிறது, பிறப்பிடமே பழுதுபட்டால் என்ன செய்வது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதுபற்றி என் கருத்தைக் கூற விழைகிறேன்.

சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். மடிவனவற்றை ஈடுசெய்ய நம் உடல் ஒவ்வொரு நொடியும் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்களைப் புதிதாக ஆக்குகிறது. எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல உயிரணுக்களே, அதாவது ஸ்டெம் செல்களே, இவற்றுக்குத் தாய். கனடா நாட்டு அறிஞர்கள் டில்லும் மெக்கல்லக்கும் 1961-இல் வெளியிட்ட எலி ஆய்வு இவ்வுண்மைக்கு வழிகாட்டியது.

இந்த மூல உயிரணுக்கள் தோன்றும் கதை வியப்புக்குரியது. கருவின் மூன்றாம் வாரத்தில் கருவுணவுப் பையில் முதற் குருதியணுக்கள் தோன்றுகின்றன. பின்னர்ப் பெருந்தமனியின் உட்சுவர் உயிரணுக்கள் சில உருமாறி மூல உயிரணுக்கள் ஆகின்றன. அவை கல்லீரலுக்குக் குடிபெயர்ந்து, குழந்தை பிறக்குமுன்பே மஜ்ஜையில் இடம்பிடித்துவிடுகின்றன. அந்த உருமாற்றத்துக்கு ரன்க்ஸ்-1 என்னும் மரபணு இன்றியமையாதது. அதை நீக்கிய எலிக்கரு முறையான குருதி உண்டாகாமல் கருவிலேயே மடிகிறது.

எல்லா உயிரணுக்களிலும் இருப்பவை அதே மரபணுக்கள்தாமே, பின் ஒன்று சிவப்பணுவாகவும் மற்றொன்று வெள்ளணுவாகவும் ஆவது எங்ஙனம்? கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரியை நினைத்துக் கொள்ளுங்கள். ஏரி ஒன்றுதான். எந்த மடை திறக்கிறதோ அந்த வயலுக்கே நீர் பாயும். காட்டா-1 என்னும் மரபணு மேலோங்கினால் சிவப்பணு வழி திறக்கும். பியூ-1 மேலோங்கினால் வெள்ளணு வழி திறக்கும். ஒன்று மற்றொன்றை அடக்கி வைப்பதும் உண்டு.

மடை பழுதானால் வயல் கெடும். ரன்க்ஸ்-1 முறிந்து வேறொரு மரபணுவுடன் ஒட்டிக்கொள்வது ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு அடிப்படை. ஹீமோகுளோபின் மரபணுவின் குறை தலசீமியாவையும், நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாளணு நோயையும் தருகிறது. பிறந்தபின் கருக்கால ஹீமோகுளோபினை அடக்கி வைக்கும் பிசிஎல்-11-ஏ என்னும் மரபணுவை, நோயாளியின் மூல உயிரணுக்களில் செயலிழக்கச் செய்யும் மருத்துவத்துக்கு 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன.

நம் தமிழகமும் பின்தங்கிவிடவில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று மருத்துவம் தொடங்கியது. அங்கேயே, கடும் ஹீமோபிலியா நோயுற்ற ஐவரின் மூல உயிரணுக்களை எடுத்து, குருதி உறையத் தேவையான மரபணுவை அவற்றில் ஏற்றி, மீண்டும் அவர்களுக்கே செலுத்தினர். சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் ஐவருக்குமே இரத்தக்கசிவு ஏற்படவில்லை என 2024-இல் அறிவிக்கப்பட்டது. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

"அப்படியானால் மரபணு மருத்துவமே எல்லாவற்றையும் தீர்த்துவிடுமே, நாம் செய்ய என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நான் அவ்வாறு கருதவில்லை. மேல்நாட்டில் அதன் விலை பல கோடி ரூபாய். இரத்தப் புற்றுநோயாளர் பலருக்கு இன்றும் பிறரிடமிருந்து பெறும் மூல உயிரணுவே கதி. அதற்குக் குருதிப் பிரிவு ஒத்தால் போதாது. திசு அடையாள மரபணுக்களே ஒத்திருக்க வேண்டும். உடன்பிறந்தார் ஒருவருடன் அவை முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. வெளியில் தேடும்போது, தம் மரபைச் சேர்ந்தவரிடமே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. உலகக் கொடையாளர் பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் உள்ளனர்; இந்தியரோ சில இலட்சங்களே. செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ ஒரு குழந்தை நோயுற்றால், ஜெர்மானியர் பட்டியலில் அதற்குப் பொருத்தம் தேடி என்ன பயன்? மருத்துவச் செலவுக்குப் பணம் திரட்டலாம். பொருந்தும் மரபணுவை எந்தப் பணமும் வாங்கித் தராது.

சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகள் உள்ளன. 18 வயது நிறைந்தோர் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். பொருத்தம் அமைந்தால், பெரும்பாலும் ஐந்து நாள் ஊசிக்குப் பின் சில மணி நேரம் குருதியிலிருந்தே மூல உயிரணுக்களைப் பிரித்தெடுப்பர். கொடுத்தவை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். பெயர் கொடுத்துவிட்டு, அழைப்பு வரும்போது வீட்டார் அஞ்சுகிறார்கள் என்று பின்வாங்குவோர் உண்டு. அதை நம்பிக் காத்திருக்கும் நோயாளிக்கு இது பேரிடி. ஆகவே முதலில் பெற்றோரிடம் பேசுங்கள். முதுகெலும்பில் துளையிடுவார்கள், உடல் தளர்ந்துவிடும் என்னும் அச்சங்களைப் பொறுமையாக நீக்குங்கள். அதன்பின் கையெழுத்திடுங்கள்.

நம் கல்லூரியின் அடுத்த குருதிக் கொடை முகாமிலேயே இப்பதிவுக்கும் ஒரு மேசை போட வேண்டும் என்பது என் வேண்டுகோள். பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் ஆவன செய்வார்களாக!