கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

உறுப்பு தானம் என்றதும் நினைவுக்கு வருவது, வழிவிடப்பட்ட சாலையில் விரையும் ஆம்புலன்ஸ். 2008 செப்டம்பரில் சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் சென்னைச் சாலைகளைக் கடந்த நாள்முதல் அக்காட்சி தமிழக மக்களின் மனத்தில் பதிந்துவிட்டது. மருத்துவர்களான அவன் பெற்றோர் எடுத்த முடிவு நிறைவேறக் காவல்துறையும் மருத்துவமனைகளும் கைகோத்தன.

ஆயினும் எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த வேகமன்று. பொதுவான காத்திருப்போர் பட்டியல். சிறுநீரக வணிகத்தால் வில்லிவாக்கத்தின் பெயர் கெட்டிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு யாருக்கு என்பதை எந்த மருத்துவமனையும் தன் விருப்பம்போல் முடிவுசெய்ய இயலாது. மாநில ஆணையமான டிரான்ஸ்டான் விதிகளின்படி ஒதுக்குகிறது. தொழிலில் போட்டியிடும் மருத்துவமனைகளும் அதற்குக் கட்டுப்படுகின்றன. இது எளிதில் வாய்த்ததன்று.

குறை இருப்பது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில். "நெஞ்சு துடிக்கிறதே, டாக்டர்" என்று கேட்கும் தாய்க்கு, வென்டிலேட்டரின் துணையால் இதயம் சில காலம் துடிக்கும், மூளைத்தண்டு மீளாது என்று விளக்க வேண்டும். சட்டப்படி நான்கு மருத்துவர்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதிசெய்கின்றனர். அவர்களுள் உறுப்பு மாற்றுக் குழுவினர் எவரும் இருக்கலாகாது. அந்த ஆறு மணி நேரமும் குடும்பத்தாருடன் அமர்ந்திருப்பவர் யார்? பெரும்பாலும் ஒருவருமில்லை. இறப்புச் செய்தியையும் தானக் கோரிக்கையையும் ஒரே மூச்சில் சொல்லிய தவறு எங்களுக்கும் உண்டு. ஆலோசகர் படிவத்தோடு வரக்கூடாது. முதல் நாளே, எதையும் கேட்காமல், வந்திருக்க வேண்டும்.

ஒப்புதலுக்குப் பிந்தைய நிலையும் அவ்வாறே. விபத்தில் இறந்தவராயின் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் தவிர்க்க இயலாதவை. உறுப்பு தந்தோருக்கு அரசு மரியாதை என 2023இல் தமிழக அரசு அறிவித்ததை வரவேற்கிறோம். ஆனால் இருட்டுவதற்குள் உடலை ஊருக்குக் கொண்டுசெல்ல முடியுமா என்பதே அன்று அக்குடும்பத்தின் கேள்வி. காவல் அலுவலர், தடயவியல் மருத்துவர், ஆலோசகர் மூவரும் முன்கூட்டியே பேசி வைத்தால் அதற்கு விடை கிடைக்கும்.

மறுக்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. மறுத்தால் எவரும் காரணம் கேட்கலாகாது. இரண்டாம் சோதனையின்போது உடனிருந்து காண விரும்பினால், தயங்காமல் கேளுங்கள். அதற்கு இடமளிக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.