வீடூர் அணையில் தூண்டில் போட வழி செய்யுங்கள்



கோடையில் வீடூர் அணையின் நீர்மட்டம் முழு அளவான 32 அடியிலிருந்து இறங்கும்போது கெண்டை, கெளுத்தி, ஜிலேபி, விரால் எல்லாம் தூண்டிலுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து வருபவர்களுக்கு, அங்கேயே மீன்பிடித்துப் பிழைக்கும் ஆட்களை வழிகாட்டிகளாக்கி, கட்டணம் வாங்கித் தூண்டில் போட விடலாம். கட்டணம் அந்த மீனவர்களுக்கே போய்ச் சேர வேண்டும். எந்த மீனுக்கு மண்புழு, எதற்கு மாவு உருண்டை, எந்த இடத்தில் சேறு காலை இழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி.

நீர்மேல் செந்நிறக் குஞ்சுகள் கொத்தாகத் துள்ளினால், அடியில் பெரிய விரால் காவல் நிற்கிறது என்று பொருள். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரைதான். புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லித் தடுக்க அருகில் ஆள் வேண்டாமா? தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் திரும்ப நீரில் விடவே கூடாது என்பதையும் வழிகாட்டிகள்தான் சொல்ல வேண்டும்.

வரும் கோடைக்குள் மீன்வளத்துறையும் நீர்வளத்துறையும் கலந்துபேசி இதற்கு அனுமதி தர வேண்டும்.

– ஒரு வாசகர், திண்டிவனம்