மாலை நமக்கு, வண்டி யாருக்கு?



2022 ஜனவரியில் கர்நாடகத்தின் தும்கூரில் நடந்த சேதியை உங்களில் பலர் செல்போனில் பார்த்திருப்பீர்கள். சரக்கு ஏற்றும் வண்டி வாங்க ஒரு விவசாயி கூட்டாளிகளோடு ஷோரூமுக்குப் போனார். ஆளின் கோலத்தைப் பார்த்த சேல்ஸ்மேன், இது பத்து லட்சம் பெறும் வண்டி, உங்க பையில பத்து ரூபாய் கூட இருக்காது என்கிற மாதிரி பேசி வெளியே அனுப்பினார். ஒரு மணி நேரத்துக்குள் அந்த விவசாயி பத்து லட்சத்தைத் திரட்டிக்கொண்டு வந்து நின்றார். வண்டியைக் கொடு என்றார். அன்றைக்கே கொடுக்க அவர்களால் முடியவில்லை. போலீசில் புகார் போனது, மன்னிப்புக் கேட்டார்கள், கடைசியில் வண்டி வந்து சேர்ந்தது.

நாமும் கை தட்டினோம். தட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒன்று சொல்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். விரட்டுகிறவனிடம் ஏமாற வழியே கிடையாது. நம்ம பக்கம் டிராக்டர் விற்க வருகிறவர் நம்மை விரட்டுவதில்லை. "வாங்க மாமா" என்கிறார். நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். அவரிடம்தான் நாம் நிலத்தை விட்டுக்கொண்டிருக்கிறோம்.

எப்போது வருகிறார், பாருங்கள். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் ராவும் பகலும் நெல்லுக்குக் காவல் கிடந்து, ஒருவழியாகப் பணம் பாஸ்புக்கில் ஏறும். மறுவாரம் அவர் பைக் நம்ம வாசலில் நிற்கும். யார் சொல்கிறார்களோ தெரியாது! மாமா, சித்தப்பா என்று உறவு வைப்பார். ஒரு வண்டியைக் கொண்டுவந்து நம்ம வயலிலேயே இரண்டு சால் ஓட்டிக் காட்டுவார். காசு வேண்டாம் என்பார். "மேலத்தெருக்காரர் எடுத்துட்டாரு மாமா, உங்களுக்கென்ன குறைச்சல்?" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தை மூணு நாளைக்கு நம்மைத் தூங்க விடாது.

அவரிடம் விலை கேட்டுப் பாருங்கள். "விலையை விடுங்க மாமா, தவணை எவ்வளவு கட்டுவீங்க, அதைச் சொல்லுங்க" என்பார். இங்கேதான் விவசாயி முதல் தடவை விழுகிறார். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறோம். ஏழெட்டு லட்சம் ரூபாய் வண்டிக்கு விலையே கேட்காமல் தலையாட்டிவிட்டு வருகிறோம். அவர் விற்க வந்தது டிராக்டரா, கடனா?

கணக்கைப் போடுவோம். ஒரு குயர் நோட்டை எடுத்து நீங்களும் கூடவே போடுங்கள். ஆறு லட்சம் கடன், ஐந்து வருடம், ஆறு மாதத்துக்கு ஒன்றாகப் பத்துத் தவணை. "ஒன்பது பர்சன்ட்தான் மாமா, பாங்க்ல கூட பத்து" என்கிறார். ஆறு லட்சத்துக்கு ஒன்பது என்றால் வருடத்துக்கு 54,000 வட்டி. ஐந்து வருடத்துக்கு 2,70,000. அசலும் வட்டியும் 8,70,000. பத்தால் வகுத்தால் தவணைக்கு 87,000. சரியாகத்தானே இருக்கிறது?

இல்லை! தவணைக்குத் தவணை அறுபதாயிரம் அசலைக் கழித்துக்கொண்டே வருகிறோம். கடைசித் தவணைக்கு முன்னால் பாக்கி நிற்கிற அசல் வெறும் 60,000. அந்த அறுபதாயிரத்துக்கும் ஆறு மாத வட்டி 27,000 வாங்குகிறார்கள். எந்த ஊர் நியாயம்? நம்மூர்க் கந்துவட்டிக்காரர் கூட அசலில் பாதியைக் கொடுத்தால் மீதிக்குத்தான் வட்டி கேட்பார். இந்தக் கணக்குக்குத்தான் 'பிளாட் ரேட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

அதே ஆறு லட்சத்தை, பாக்கி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில், பத்து சதவீதத்துக்கு வங்கியில் வாங்கினால் தவணை சுமார் 77,700 வரும். ஐந்து வருட வட்டி சுமார் 1,77,000. பத்து சதவீதக்காரனுக்கு 1,77,000, ஒன்பது சதவீதக்காரனுக்கு 2,70,000! 93,000 ரூபாய் வித்தியாசம். அவர் ஒன்பது என்று சொன்னது உண்மையில் ஏறக்குறைய பதினைந்து. 93 ஆயிரத்துக்கு எத்தனை மூட்டை நெல் போட வேண்டும் என்பதை உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

இதற்கு சட்டமே இல்லையா என்றால் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனி ஆட்களுக்குப் புதிதாகக் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு, எல்லாச் செலவையும் சேர்த்து உண்மையான வருட வட்டி எவ்வளவு என்று ஒரு விவரத் தாளில் எழுதி, வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில், கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. வங்கிக்கும் அது உண்டு, பைனான்ஸ் கம்பெனிக்கும் உண்டு. நம்ம கிளையில் அதற்குப் பிறகு டிராக்டர் எடுத்தவர்களை விசாரித்தோம். தமிழில் அப்படி ஒரு தாளைப் பார்த்ததாக ஒருவர் கூடச் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் இங்கிலீஷில் பதினெட்டுப் பக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய கையெழுத்து இருந்தது.

அடுத்து வரிக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. டிராக்டர் டயருக்கு 18-லிருந்து 5. வரி போடுவதற்கு முன்னால் ஏழு லட்சம் விலையுள்ள வண்டியில் இதனால் மட்டும் 49,000 குறைய வேண்டும். அதற்குப் பிறகு வண்டி எடுத்த உறுப்பினர் ஒருவரிடம், "உங்களுக்காக மேனேஜர்கிட்ட சண்டை போட்டு நாப்பதாயிரம் தள்ளுபடி வாங்கியிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார்கள். அரசாங்கம் குறைத்த வரியை நமக்கே தானம் பண்ணியிருக்கிறார்கள், அதிலும் ஒன்பதாயிரத்தைப் பிடித்துக்கொண்டு! அந்த நல்ல மனுஷனும் சேல்ஸ்மேனுக்கு ஒரு சிப்பம் பொன்னி அரிசி கொடுத்து அனுப்பினாராம்.

இன்ஷூரன்ஸ் எங்களிடம்தான் போட வேண்டும் என்பதும் பொய். அது நம்ம இஷ்டம். மானியம் வாங்கித் தருகிறோம், முதலில் வண்டியை எடுங்கள் என்பது அதைவிடப் பெரிய பொய். வேளாண் பொறியியல் துறையில் மனுக் கொடுத்து, அனுமதி வந்த பிறகு வாங்குகிற வண்டிக்குத்தான் மானியம். நாற்பத்தைந்து ஹெச்.பி. என்று தட்டிக் காட்டுவார்களே, அது எஞ்சின் சக்தி. நம்ம களிமண்ணில் ரொட்டவேட்டரைச் சுற்றப்போவது பி.டி.ஓ. சக்தி, அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை போடுகிறது. இந்த மாடலுக்கு அந்த அறிக்கையில் பி.டி.ஓ. எவ்வளவு என்று ஒரு கேள்வி கேளுங்கள், மாமா என்று கூப்பிட்ட வாய் சார் என்று கூப்பிடும். விற்பனைச் சான்றான படிவம் 21-ஐயும் வாங்கிப் பார்க்க வேண்டும். எந்த மாதம், எந்த வருடம் செய்த வண்டி என்பது அதில் இருக்கும். போன வருடத்து வண்டியைப் பொங்கலுக்குப் புது வண்டி என்று மாலை போட்டுக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

எல்லாவற்றையும்விட நம்மைக் கொல்வது வெற்றுத் தாள் கையெழுத்து. பேர் மாற்றுகிற படிவம் 29, 30 இரண்டிலும் ஒன்றும் எழுதாமலே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தொகை எழுதாத செக்கும் வாங்குகிறார்கள். ஒரு தவணை தவறினால் அந்த செக்கில் அவர்களே தொகையை எழுதி வங்கியில் போடுவார்கள். திரும்பினால் வழக்கு. அதுவும் அவர்கள் கணக்கு வைத்திருக்கிற ஊர்க் கோர்ட்டில் போடலாம். நாற்று முற்றிக்கொண்டிருக்கும், நாம் சென்னைக்கு வாய்தாவுக்கு ரயில் ஏறுவோம்.

ஊருக்கு உபதேசம் பண்ணுகிற நாமும் ஏமாந்தவர்கள்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 2013-ல் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதுசு எடுத்தோம். டீலர் பேரைச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. பழைய வண்டிக்கு விலை போட்டார்கள், ஆர்.சி. புக்கை வாங்கிக்கொண்டார்கள், 29, 30-ல் கையெழுத்து வாங்கினார்கள். "பேர் மாத்துறது எங்க பொறுப்பு" என்றார்கள். மாலை போட்டு, கையில் பெரிய அட்டைச் சாவியைக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். அந்த போட்டோவை வீட்டு நடையில் மாட்டி வைத்திருந்தோம்.

2016-ல் தபால்காரர் விபத்து வழக்கு நோட்டீஸ் கொண்டுவந்தார். நாம் கண்ணால் பார்க்காத ஊரில், பேர் தெரியாத ஒருவர் ஓட்டி, கூலி வேலை முடித்து வந்த ஒரு பெண்ணின் காலில் ஏறியிருக்கிறது நம்ம பழைய டிராக்டர். ஆர்.சி. அப்போதும் நம்ம பேரில். இன்ஷூரன்ஸ் கிடையாது. டீலரிடம் ஓடினோம். நமக்கு மாலை போட்ட தம்பி வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமாகிவிட்டது என்றார்கள். எழுதிக் கொடுத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். போட்டோதான் இருந்தது. வக்கீலுக்கும் வாய்தாவுக்கும் கொடுத்து, கடைசியில் அந்த அம்மாவுக்குப் பங்காகக் கட்டியது, எல்லாம் சேர்த்து ஒரு மாவு நிலம் விற்ற காசு போனது. அந்த அம்மாவுக்குக் கொடுத்ததில் நமக்கு வருத்தமில்லை, கால் போனவர் அவர். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதைத்தான் சொன்னது: வண்டியைக் கைமாற்றிவிட்டாலும், பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. 2023 ஏப்ரலிலிருந்து ஒரு வழி வந்திருக்கிறது. பதிவு பெற்ற பழைய வண்டி டீலரிடம் வண்டியை ஒப்படைத்தால் படிவம் 29-சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அது போகாமல் பழைய வண்டியின் சாவியைக் கொடுக்காதீர்கள், வாங்குகிறவர் சொந்த மச்சானாக இருந்தாலும்.

தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசே அடித்து இழுத்துப்போன காட்சியை நாடே பார்த்தது. அதே மாதம் அரியலூர் மாவட்டத்தில் டிராக்டரைப் பறிகொடுத்த ஒரு விவசாயி உயிரை விட்டார். ஆள் வைத்து மிரட்டி வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் கண்டித்தது 2007-லேயே! தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது, தடியோடு வருகிறவன் நம்ம களத்துமேட்டில் நிற்கிறான்.

நம்ம பக்கத்துக் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். மூணு ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் எதற்கு? வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது? மீதி நாள் வாடகைக்கு ஓட்டலாம் என்றால் தெருவுக்கு மூணு வண்டி நிற்கிறது, டீசலுக்கே கட்டவில்லை. வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்கு வண்டி இருக்கிறது, அது நேரத்துக்குக் கிடைப்பதில்லை. அதைக் கூடுதலாகக் கொடு என்று போராடுவதை விட்டுவிட்டு, மேலத்தெருக்காரர் எடுத்தார் என்று நாமும் எடுக்கிறோம். பவுசுக்கு வாங்கின வண்டி கொட்டகையில் நிற்கும், தவணை மட்டும் நடுராத்திரியிலும் ஓடும்.

இன்னொன்று. சேல்ஸ்மேனை அடிப்பேன், பைக்கைக் கொளுத்துவேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவன் யார்? டிப்ளமோ படித்துவிட்டு வேலையில்லாமல் கிடந்த நம்ம வீட்டுப் பிள்ளை. சொற்பச் சம்பளம், மாதத்துக்கு இத்தனை வண்டி என்று தலையில் டார்கெட். விற்கவில்லை என்றால் அவனையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். நம்மிடம் அவன் பேசுகிற பொய்யை எழுதிக் கொடுத்தவர்கள் ஏ.சி. அறையில் இருக்கிறார்கள். நம்ம சண்டை அவர்களோடும், இதைப் பார்த்தும் பார்க்காமல் இருக்கிற அதிகாரிகளோடும்தான்.

ஆகவே கலெக்டர் அலுவலகத்தில் இந்த மாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குத் திரளாக வாருங்கள். மாவட்டத்தில் டிராக்டர் விற்கிற ஒவ்வொரு ஷோரூமும் வண்டி விலை, வரி, இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு, தள்ளுபடி எல்லாவற்றையும் தமிழில் தனித்தனியாக எழுதிய கொட்டேஷன் கொடுக்க வேண்டும், அசல் வட்டி விவரத் தாள் தமிழில் இல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது, வாங்கி வைத்திருக்கிற வெற்றுப் படிவங்களையும் செக்குகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மனுக் கொடுக்கிறோம். ஆர்.டி.ஓ.வும் முன்னோடி வங்கி மேலாளரும் கூட்டத்தில் வைத்தே பதில் சொல்ல வேண்டும். மழுப்பினால் வாசலிலேயே உட்காருவோம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் பேசலாம். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலை கொடுத்த வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய்தான், வக்கீல் கட்டாயமில்லை. எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தில் எழுதிக் கொடுக்கிறோம்.

வரும்போது உங்கள் கொட்டேஷன், ரசீது, தவணைப் புத்தகம், இன்ஷூரன்ஸ் தாள் எல்லாவற்றின் ஜெராக்ஸையும் இரண்டு பிரதி கொண்டு வாருங்கள். எந்தத் தாளும் கொடுக்கவில்லை என்றால் வண்டி எடுத்த அன்றைக்கு மாலையோடு எடுத்த போட்டோவைக் கொண்டு வாருங்கள், தேதி அதில் இருக்கும். காலை ஒன்பது மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் எதிரே டீக்கடையில் கூடுகிறோம். வண்டி பெண்கள் பேரில் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள், கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்தான்.