இரசனையா, ஐந்தொகையா? ஹொலிவூட்டின் நாளைய படங்கள் பற்றி

“மக்கள் விரும்புவதையே ஸ்ரூடியோக்கள் தயாரிக்கின்றன; எனவே மக்களின் இரசனை எத்திசையிற் செல்கின்றது என்பதை அறிந்தால், இனி வரப்போகும் படங்கள் எவை என்பதையும் அறிந்துவிடலாம்.” ஹொலிவூட் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எமது பல்கலைக்கழகத்தில் இக்கூற்று எவ்விதத் தயக்கமுமின்றி முன்வைக்கப்படுகின்றது. பொருளியல் பயிலும் நண்பர்கள் இதனைக் கேள்வி, நிரம்பல் வளையிகளாக வரைந்தும் காட்டுவர். கணினி பயில்வோர், போதிய தரவுகளை இயந்திரத்துக்கு ஊட்டினால் அடுத்த பத்தாண்டுப் படங்களின் பட்டியலை அது தந்துவிடும் என்பர். எமது கலைப்பீடத்தாரோ, மக்களின் இரசனை கெட்டுவிட்டது என்று பெருமூச்செறிந்து அதே கூற்றை வேறொரு குரலில் ஏற்றுக்கொள்கின்றனர். மூவரும் பிழையான இடத்திலே விடை தேடுகின்றனர் என்பதே என் வாதம். அமெரிக்க ஸ்ரூடியோக்கள் நாளை எதனைத் தயாரிக்கும் என்பதை அறிய விரும்புவோர் பார்வையாளனின் மனத்தை ஆராய வேண்டியதில்லை. கம்பனிகளின் ஐந்தொகைகளையும் உரிமை ஒப்பந்தங்களையும் வாசிக்கத் தெரிந்தாற் போதும்.

முதலில் இரு வினாக்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எந்தப் படம் வெற்றி பெறும் என்பது ஒரு வினா. எந்தப் படம் தயாரிக்கப்படும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை எவரிடமும் இல்லை. திரைக்கதாசிரியர் வில்லியம் கோல்ட்மன் 1983இல் வெளியிட்ட தமது நூலில், அத்தொழிலில் உள்ள எவருக்கும் எப்படம் ஓடும் என்பது முன்கூட்டித் தெரியாது என வாதிட்டார். அவ்வாதம் இன்றும் நிலைத்து நிற்கின்றது. ஆனால் இரண்டாவது வினாவுக்கு ஓரளவு உறுதியான விடை உண்டு. அவ்விடை கிடைப்பதற்குக் காரணமும் முதல் வினாவுக்கு விடை இல்லாமையே. பத்துக் கோடி, இருபது கோடி டொலர்களை ஒரே படத்தில் இடும் நிருவாகி, படம் தோற்றாலும் தன் பதவியைக் காப்பாற்றக்கூடிய நியாயமொன்றைக் கையில் வைத்திருக்க விரும்புகின்றான். “சென்ற முறை இதுவே வென்றது” என்பதைவிடச் சிறந்த நியாயம் அவனுக்கு வாய்ப்பதில்லை. அறியாமை அச்சத்தைப் பிறப்பிக்கின்றது. அச்சமுற்றவனின் நடத்தையை ஊகிப்பதோ எளிது.

வரலாறு இதற்குச் சான்று தருகின்றது. ‘கிளியோபட்ரா’ (1963) என்ற படத்தின் செலவினால் நிலைகுலைந்திருந்த ருவென்ரியத் செஞ்சுரி பொக்ஸ் நிறுவனத்தை 1965இல் வெளிவந்த ‘சவுண்ட் ஒவ் மியூசிக்’ மீட்டெடுத்தது. உடனே அந்நிறுவனம் என்ன செய்தது? ‘டொக்டர் டூலிற்றில்’ (1967), ‘ஸ்ரார்’ (1968), ‘ஹலோ டொலி’ (1969) என மூன்று மாபெரும் இசைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தது. மூன்றும் நட்டத்திலேயே முடிந்தன. அவ்வாண்டுகளிலே அமெரிக்க இளைஞர்கள் வியட்நாம் யுத்தத்துக்கு எதிராக வீதியில் நின்றனர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அவர்களின் இரசனையை எந்த நிருவாகி ஆராய்ந்தான்? 1969இல் ஐந்து இலட்சம் டொலருக்கும் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ‘ஈஸி றைடர்’ பெருந்தொகை ஈட்டிய பின்னரே இளைஞர் என்றொரு கூட்டம் இருப்பது ஸ்ரூடியோக்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் எல்லோரும் இளைஞர் படங்களை எடுக்கப் புறப்பட்டனர். நேற்றைய வசூலைத்தான் அவர்கள் ‘மக்கள் இரசனை’ என அழைக்கின்றனர்.

1975இல் ‘ஜோஸ்’, 1977இல் ‘ஸ்ரார் வோர்ஸ்’ ஆகியன வந்தபின் நிலைமை வேறொரு கட்டத்தை அடைந்தது. யூனைற்றட் ஆர்ட்டிஸ்ற்ஸ், யூனிவர்சல் ஆகிய இரு நிறுவனங்களும் ‘ஸ்ரார் வோர்ஸ்’ கதையை ஏற்க மறுத்தன. ஏற்றுக்கொண்ட பொக்ஸ் நிறுவனமோ தொடர்ச்சிப் படங்களின் உரிமையையும் விளையாட்டுப் பொருட்களின் உரிமையையும் பெரிதாக மதிக்காது ஜோர்ஜ் லூக்காஸிடமே விட்டுவிட்டது. அந்த உரிமைகளையும் உள்ளடக்கிய லூக்காஸ்பிலிம் கம்பனியை 2012இல் டிஸ்னி 400 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2009இல் மார்வெல் நிறுவனத்துக்கும் ஏறத்தாழ அதேயளவு தொகை கொடுத்திருந்தது. இத்தொகைகள் கைமாறிய கணத்திலேயே அடுத்த பல ஆண்டுகளின் படங்கள் தீர்மானிக்கப்பட்டுவிட்டன எனலாம். கொடுத்த முதலை மீட்பதற்கு வேறு வழியில்லை. இதனை முன்னறிய எந்தச் சோதிடமும் வேண்டியதில்லை; கொள்வனவுச் செய்தியை வாசித்திருந்தாற் போதும்.

அறிவிப்புகள் எங்கே செய்யப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். 2020 டிசம்பரில் டிஸ்னி தன் வருங்காலப் படங்களின் நெடும்பட்டியலை வெளியிட்டது; அது முதலீட்டாளருக்கென நடத்தப்பட்ட கூட்டம். 2023 பெப்ரவரி 8ஆம் திகதி அக்கம்பனியின் தலைவர் பொப் ஐகர் மூன்று வெற்றிப் படங்களுக்குத் தொடர்ச்சிகள் தயாராகின்றன என அறிவித்தார். அதுவும் இலாப நட்ட விபரங்கள் வெளியிடப்பட்ட வேளை. அதே நாளில் 7,000 தொழிலாளர் நீக்கப்படுவர் எனவும் அறிவிக்கப்பட்டது. தொடர்ச்சிப் படமும் ஆட்குறைப்பும் ஒரே அறிக்கையின் இரு பந்திகள். இரண்டும் பங்குதாரருக்கு அளிக்கப்பட்ட ஆறுதல்கள். பார்வையாளன் அம் மண்டபத்தில் இருக்கவில்லை.

ஒப்பந்தங்களின் கதை இன்னும் விசித்திரமானது. ‘பன்ராஸ்ரிக் போர்’ என்னும் சித்திரக்கதையின் படவுரிமை 1992இன் இறுதியிலே காலாவதியாகவிருந்தது. உரிமையாளர் அதனைத் தக்கவைக்கும் பொருட்டு, மலிவுப் படங்களுக்குப் பெயர்பெற்ற றொஜர் கோர்மனின் துணையுடன் ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலர் செலவில் அவசரமாகப் படமொன்றை எடுத்தார். படம் முடிந்தது; ஆனால் ஒருபோதும் முறைப்படி வெளியிடப்படவில்லை. பார்வையாளனே தேவைப்படாத படம்! இதற்குக் கேள்வி வளையியை எங்ஙனம் வரைவது என்பதைப் பொருளியல் நண்பர்கள் எனக்கு விளக்குவார்களாக. ‘ஸ்பைடர்மான்’ 2002இல் படமாகி, மூன்றாவது பாகம் 2007இல் வெளிவந்தது. 2012இலே அதே இளைஞனைச் சிலந்தி மீண்டும் முதலிலிருந்து கடித்தது. குறித்த இடைவெளிக்குள் புதிய படம் எடுக்கப்படாவிடின் உரிமை மார்வெலிடம் திரும்பிவிடும் என்பது சோனி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தது. பத்தாண்டுகளில் உலகின் இரசனை அதே கதையை மறுபடி கேட்டது என்று எவர் துணிந்து கூறுவர்?

நண்பர்கள் விடமாட்டார்கள். 2024இல் உலகெங்கும் அதிகம் வசூலித்த முதல் மூன்று படங்களான ‘இன்சைட் அவுட் 2’, ‘டெட்பூல் அன்ட் வுல்வறின்’, ‘மோனா 2’ ஆகிய மூன்றும் தொடர்ச்சிகளே. மக்கள் விரும்பித்தானே சென்றனர் என்பர். சென்றனர், மறுக்கவில்லை. ஆனால் திரையரங்குகளின் பெரும்பகுதியையும் விளம்பரச் செலவின் பெரும்பகுதியையும் ஒரு சில படங்களே பிடித்துக்கொள்ளும்போது, வாங்கியவனின் தெரிவைக் கொண்டு வாங்காதவற்றைப் பற்றித் தீர்ப்பளிக்க முடியாது. கூட்டுறவுக் கடையில் ஒரே வகை அரிசி மட்டும் இருந்த காலத்தில் எல்லோரும் அவ்வரிசியையே உண்டனர். அதனை எவரும் இரசனை என்று கூறவில்லை.

2023 யூலை 21ஆம் திகதி நடந்தது இதைவிடத் தெளிவானது. அன்று அமெரிக்காவில் ‘பார்பி’, ‘ஓப்பன்ஹைமர்’ ஆகிய இரு படங்கள் வெளியாயின. முன்னது 140 கோடி டொலருக்கு மேலும், மூன்று மணிநேரம் ஓடும் பின்னது 95 கோடி டொலருக்கு மேலும் வசூலித்தன. மக்களின் இரசனைதான் வழிகாட்டி என்றால், விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகள் வரிசையாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். கிறெற்றா கேர்விக் போன்ற இயக்குநர்களுக்குத் தம் விருப்பப்படி படமெடுக்கும் சுதந்திரம் பெருகியிருக்க வேண்டும். பேசப்பட்டதோ பொம்மைக் கம்பனியான மற்றெலின் ஏனைய விளையாட்டுப் பொருட்கள் எவை படமாகும் என்பதே. விளையாட்டொன்றின் பெயரை மட்டும் நம்பி 2012இல் ‘பற்றில்சிப்’ எடுத்து யூனிவர்சல் நட்டமடைந்ததை எல்லோரும் வசதியாக மறந்தனர். இயக்குநரின் திறமையைக் கம்பனி சொத்தாகப் பதிய முடியாது, பொம்மையின் வியாபாரக் குறியைப் பதியலாம் என்பதே இதன் இரகசியம்.

‘றெட் டோன்’ என்ற 2012ஆம் ஆண்டுப் படத்திலே அமெரிக்காவை ஆக்கிரமிப்பது சீனப் படையாகவே முதலில் எடுக்கப்பட்டது. சீனச் சந்தையை இழக்க அஞ்சி, படப்பிடிப்பு முடிந்த பின்னர் கணினியின் உதவியுடன் கொடிகளையும் சின்னங்களையும் மாற்றி வடகொரியப் படையாக்கினர். எந்தப் பார்வையாளன் இம்மாற்றத்தைக் கேட்டான்? படத்தை ஒருவரும் பார்த்திருக்கவேயில்லை.

இனி, இயந்திரங்கள். எதிர்வுகூறும் விஞ்ஞானம் இன்று தோன்றியதன்று. 1940களிலேயே ஜோர்ஜ் கலப் திரைப்படத் தலைப்புகளையும் நடிகர்களையும் பற்றி மக்களிடம் வினவி ஸ்ரூடியோக்களுக்கு அறிக்கை அளித்தார். கணினிக் கணிப்பினால் முதலீட்டு ஆபத்தைக் குறைப்பதாக முழங்கிய றிலேற்றிவிற்றி மீடியா நிறுவனம் 2015இல் வங்குரோத்தானது. 2020இல் வார்னர் பிறதர்ஸ், சினலிற்றிக் என்ற நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுச் சாதனத்தைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்தது. இயந்திரத்துக்கு ஊட்டப்படுவது கடந்தகால வசூல். ஆகவே அது உமிழ்வதும் கடந்தகாலமே. எடுக்கப்படாத படத்துக்குத் தரவு கிடையாது. நிருவாகியின் பழைய அச்சத்துக்கு இலக்கங்களின் உடையை அணிவிப்பதன்றி வேறெதனையும் இவ்விஞ்ஞானம் செய்யவில்லை. இடையிலே ஒரு வேடிக்கையையும் கூறிவிடுகிறேன். படவசூலை முன்கூட்டி ஊகித்துப் பந்தயம்போல வியாபாரம் செய்யும் சந்தையொன்றுக்கு 2010இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஸ்ரூடியோக்கள் கடுமையாக எதிர்த்தன. அவ்வாண்டே சட்டம் அதனைத் தடைசெய்தது. அந்நாட்டில் அவ்வாறு எதிர்கால வியாபாரம் தடைசெய்யப்பட்ட பொருட்கள் இரண்டே: திரைப்பட வசூலும், 1958 முதல் வெங்காயமும்.

ஐந்தொகையை வாசிப்பவனும் தவறுவதுண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2017இல் யூனிவர்சல் ஆரவாரத்துடன் அறிவித்த பேய்ப்பட வரிசை முதற் படத்துடனேயே மடிந்தது. வார்னர் 2014இல் அறிவித்த ‘சைபோர்க்’ 2020இல் வரவில்லை. ஆயினும் அவற்றைக் கைவிடச் செய்ததும் கணக்கே. 2022இல் ஏறத்தாழ முடிவடைந்திருந்த ‘பாற்கேர்ள்’ படத்தை, வரிச் சலுகையைக் கருதி வார்னர் பிறதர்ஸ் டிஸ்கவரி அலுமாரியிற் பூட்டியது. செலவு 9 கோடி டொலர் எனச் செய்திகள் கூறின. நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு, நட்டக் கணக்கில் ஒரு வரியாக முடிந்தது. இரசனை கெட்டுப்போன அந்தப் பார்வையாளனிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அதனாலேயே ‘மக்கள் விரும்புகின்றனர்’ என்ற சொற்றொடரைக் கண்டு எனக்குக் கோபம் வருகின்றது. அது எதனையும் விளக்குவதில்லை. பொறுப்பை மட்டும் இடம் மாற்றுகின்றது. தீர்மானித்தவர்கள் தப்பித்துக்கொள்ள, சீட்டு வாங்கியவன் குற்றவாளியாகின்றான். எமது விமரிசகர்களும் அவனையே ஏசுகின்றனர்.

விமரிசனம் மட்டும் போதாது, எதிர்வுகூறிக் காட்டு என்பார்கள். கூறுகிறேன். அமெரிக்கச் சட்டப்படி அக்காலத்துப் படைப்புகளின் பதிப்புரிமை 95 ஆண்டுகள். 1998இல் டிஸ்னி முதலான கம்பனிகளின் முயற்சியால் 20 ஆண்டு கூட்டப்பட்டது. கரடிப் பொம்மை வினி த பூ 2022இல் பொதுவுடைமையானது. மறு ஆண்டே மலிவான பயங்கரப் படத்தில் அது கொலைகாரனாகத் தோன்றியது. 1938இல் பிறந்த சுப்பர்மான் 2034 ஜனவரி 1ஆம் திகதியும், பற்மான் அடுத்த ஆண்டும் விடுதலை பெறுவர். அதற்கு முந்திய ஆண்டுகளில் உரிமைக் கம்பனி இவ்விரு வீரர்களையும் ஓய்வின்றித் திரைக்கு அனுப்பும். பின்னாளிற் சேர்ந்த அம்சங்கள் இன்னும் தன்னுடையவையாதலால் அவற்றையே முன்னிறுத்தும். 2034க்குப் பின் ஈராண்டுக்குள் யாரேனும் ஒரு சிறு தயாரிப்பாளர் சுப்பர்மானைக் கொலைகாரனாக்குவார். அப்படத்திலே அவன் பறக்கமாட்டான், தாவுவான். ஏனெனில் 1938ஆம் ஆண்டுக் கதையில் அவன் பறக்கவில்லை.